ஹைப்பர்த்ரெட்டிங்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ரெண்டரும்: தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

"ரெண்டர் மெதுவா இருக்கா? பயாஸ்ல போய் ஹைப்பர்த்ரெட்டிங்கை ஆஃப் பண்ணிடுப்பா." பெங்களூரில் மோஷன் கிராபிக்ஸ் கற்றுக்கொள்ள வருகிறவர் காதில் இந்த யோசனை சீக்கிரமே விழுந்துவிடும். சொல்கிறவர் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் அனுபவமுள்ள அண்ணனாக இருப்பார். அவர் சொல்வது ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. இப்போது பெரும்பாலும் சரியில்லை. இரண்டுக்கும் காரணம் புரிந்துவிட்டால், உங்கள் மெஷினில் என்ன செய்யலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெரிய ஸ்டுடியோவில் இந்தக் கவலை கலைஞர்களுக்கு இல்லை. ரெண்டருக்கென்றே பல மெஷின்களைச் சேர்த்த ரெண்டர் ஃபார்ம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் இருப்பார்கள். ஆனால் 'தி ஜங்கிள் புக்' போன்ற படங்களின் வேலையில் பங்கெடுத்த டெக்னிகலர் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையே 2025 பிப்ரவரியில் கதவை மூடிவிட்டது. பெரிய ஸ்டுடியோவையே நம்பியிருக்க முடியாது. வீட்டு மேசையில் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு தனியாக வேலை எடுப்பவர்களுக்கு ஃபார்மும் அதுதான், ஐடி துறையும் அவர்களேதான்.

படி 1: ஒரு கோர், இரண்டு த்ரெட் – உள்ளே நடப்பது என்ன

ப்ராசஸருக்குள் உண்மையில் கணக்குப் போடும் பகுதிக்குப் பெயர் கோர். ஹைப்பர்த்ரெட்டிங் உள்ள கோர், விண்டோஸிடம் தன்னை இரண்டு பேராக, அதாவது இரண்டு த்ரெட்டாக, காட்டிக்கொள்ளும். எட்டு கோர் மெஷின் பதினாறாகத் தெரிவது அதனால்தான். கணக்குப் போடும் கருவிகளும் கேஷும் ஒரே செட் தான். எந்த வேலை எதுவரை வந்து நிற்கிறது என்று குறித்துவைக்கும் ரெஜிஸ்டர்கள் போன்ற சிறு பகுதி மட்டும் இரண்டாக இருக்கும்.

ஒரு தர்ஷினி ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். தோசை மாஸ்டர் ஒருவர், டோக்கன் வரிசை இரண்டு. முதல் வரிசைக்கு வேண்டிய மசாலா உள்ளிருந்து வரத் தாமதமானால், மாஸ்டர் சும்மா நிற்காமல் இரண்டாம் வரிசைக்கான மாவை ஊற்றுவார். ஒரு மணி நேரத்தில் போகும் தோசை கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. மசாலா தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால் இரண்டாவது வரிசையால் லாபம் குறைவு. இங்கே மசாலா என்பது ராமிலிருந்து வரவேண்டிய தரவு. அது வந்து சேர நூற்றுக்கணக்கான கடிகாரச் சுற்றுகள் ஆகலாம். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஹைப்பர்த்ரெட்டிங்கின் வேலை.

இன்டெல் இதை 2002இல் முதலில் ஜியான் சர்வர் ப்ராசஸர்களிலும், அதே ஆண்டு நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இலும் கொண்டுவந்தது. சிப்பின் பரப்பு கூடுவது 5 சதவீதத்துக்குள், வேகம் கூடுவது அதிகபட்சம் 30 சதவீதம் வரை என்பது அன்று இன்டெல்லே சொன்ன கணக்கு. இந்த 30ஐ நினைவில் வையுங்கள். விற்கிற நிறுவனமே நல்ல நாளில் அவ்வளவுதான் என்று சொன்ன எண் அது. ஆனால் கடைப் பலகையில் 16 கோர் என்றாலும் 16 த்ரெட் என்றாலும் ஒன்றுபோலவே எழுதியிருப்பார்கள்.

பிறகு 2006இல் வந்த கோர் வகைச் சிப்களில் அதை எடுத்துவிட்டார்கள். 2008 நவம்பரில் முதல் கோர் ஐ7 வந்தபோது திரும்பச் சேர்த்தார்கள். இன்டெல்லின் பெங்களூர்ப் பொறியாளர்கள் வடிவமைத்து 2008 செப்டம்பரில் வெளிவந்த டன்னிங்டன் என்ற ஜியான் 7400 சிப், இந்த இடைவெளியில் பிறந்தது: ஆறு கோர், ஆறே த்ரெட். ஏஎம்டி 2017இல் ரைசன் மூலம் இதே வித்தையை எஸ்எம்டி என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களில் இது கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையிலும் இல்லை. ஆக, ஹைப்பர்த்ரெட்டிங் இல்லாமலும் வேகமான சிப் செய்யலாம், இருந்தும் மெதுவான சிப் செய்யலாம்.

படி 2: உங்கள் மெஷினைப் பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. கீழே 'கோர்ஸ்' என்று ஒரு எண், 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' என்று ஒரு எண். இரண்டாவது முதலாவதைப் போல இரண்டு மடங்கு என்றால் எல்லாக் கோரிலும் ஹைப்பர்த்ரெட்டிங் ஓடுகிறது. இரண்டும் சமம் என்றால் இல்லை, அல்லது அணைத்திருக்கிறது. 20 கோர், 28 லாஜிக்கல் என்று விநோதமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 12ஆம் தலைமுறை முதல் வந்த பல இன்டெல் சிப்களில் வேகமான பி-கோர், சிக்கனமான இ-கோர் என இரண்டு வகை உண்டு. பி-கோர்கள் மட்டுமே இரட்டையாகத் தெரியும்.

அங்கே தெரியும் கிராஃபின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசஸர்களாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ரெண்டர் ஓடும்போது எந்தக் கட்டம் நிரம்புகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 16 த்ரெட் மெஷினில் ஒரே ஒரு த்ரெட்டை மட்டும் பயன்படுத்தும் எஃபெக்ட் முழு மூச்சில் ஓடினாலும் சிபியு பயன்பாடு சுமார் 6 சதவீதம் என்றுதான் காட்டும். ஹைப்பர்த்ரெட்டிங்கை அணைத்தால் அதே எஃபெக்ட், அதே வேகத்தில் ஓடி, 12.5 சதவீதம் என்று காட்டும். "பாரு, இரண்டு மடங்கு வேலை செய்யுது!" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறியது வகுக்கும் எண் மட்டும்தான். அதேபோல 50 சதவீதம் என்றால் பாதிச் சக்தி மிச்சம் இருக்கிறது என்று பொருளல்ல. எட்டு கோரும் தலா ஒரு த்ரெட்டுடன் முழுமையாக உழைத்தாலே 50 வந்துவிடும். மேலே கிடைக்கக்கூடியது இன்டெல் சொன்ன அந்த 30 சதவீதத்துக்குள் எதுவோ ஒன்று. சதவீதத்தை விட்டுவிட்டு ரெண்டர் முடிந்த நேரத்தைப் பாருங்கள்.

படி 3: உங்கள் மென்பொருள் எந்த ரகம்

சினிமா 4டியின் சிபியு ரெண்டர், பிளெண்டரின் சைக்கிள்ஸைச் சிபியுவில் ஓட்டுவது, வி-ரே, கொரோனா – இவை ஹைப்பர்த்ரெட்டிங்குக்கென்றே செய்தவை போல. படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி எல்லா த்ரெட்டுக்கும் பங்கிடுவார்கள், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதும் குறைவு. இந்த வேலை அதிகம் செய்பவர் அணைக்கவே கூடாது. ரெட்ஷிஃப்ட், ஆக்டேன் என்றால் பாரம் கிராபிக்ஸ் கார்டின் தலையில், ஹைப்பர்த்ரெட்டிங் பேச்சே அங்கே பெரிதாக எடுபடாது.

சிக்கல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில்தான். ஒரு ஃப்ரேமில் லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாகக் கணக்கிடப்படுகின்றன. கீழ் லேயர் முடியாமல் அதன் மேல் விழும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் தொடங்க முடியாது. அதனால் ஒரு ஃப்ரேமைப் பல த்ரெட்டுக்குப் பிரிப்பது கடினம். பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவதுதான் வழி.

அடோபி இதை இரண்டு முறை முயன்றது. முதல் முயற்சி 2007இல் சிஎஸ்3 பதிப்பில் வந்த 'ரெண்டர் மல்டிபிள் ஃப்ரேம்ஸ் சைமல்டேனியஸ்லி'. பின்னணியில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் தனித்தனி நகல்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் தனி ராம் ஒதுக்கி, ஆளுக்கொரு ஃப்ரேமைக் கொடுத்தார்கள். ஹைப்பர்த்ரெட்டிங் இருந்தால் எட்டு த்ரெட்டுக்கு எட்டு ப்ராசஸர் என்று கணக்கு வைத்து அத்தனை நகல்கள் திறக்கும். அன்றைய மெஷினில் 8 ஜிபியோ 12 ஜிபியோதான் ராம். ஆளுக்கு ஒரு ஜிபி கிடைத்தால் பெரிது. ஹார்ட் டிஸ்க் கறகறவென்று ஓட, ரெண்டர் நின்றேவிடும். த்ரெட்டைப் பாதியாக்கினால் நகலும் பாதியாகி, ஆளுக்கு இரண்டு மடங்கு ராம் கிடைத்து, வேகம் கூடும். நம் அண்ணன் சொன்ன யோசனை பிறந்த இடம் இதுதான். அன்றைக்கு அது சரியான யோசனை.

அந்த வசதியை 2015இல் அடோபி எடுத்துவிட்டது. பிறகு ஆறு வருடம் பெரும்பாலான கம்ப்கள் (கம்போசிஷன்கள்) ஓரிரண்டு கோரை மட்டும் கசக்கிக்கொண்டு ஓடின, மீதி வேடிக்கை பார்த்தன. அப்போது ஹைப்பர்த்ரெட்டிங்கை அணைத்தாலும் வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 2021 அக்டோபரில் வந்த 22.0 பதிப்பில்தான் மல்டி-ஃப்ரேம் ரெண்டரிங் வந்தது. இது நகல்களைத் திறப்பதில்லை. ஒரே நிரலுக்குள் பல த்ரெட்டுகள் ராமைப் பகிர்ந்துகொள்கின்றன. எத்தனை ஃப்ரேமை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்பதை மெஷினின் நிலைமையைப் பார்த்து நிரலே கூட்டியும் குறைத்தும் கொள்ளும். பழைய யோசனையின் காலை வாரியது இந்த ஒரு மாற்றம்தான்.

படி 4: ராம் கணக்கைப் போடுங்கள்

1920க்கு 1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்கள். சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று நான்கு சேனல். 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு லேயர் சுமார் 8.3 எம்பி. 16 பிட் என்றால் 16.6. 32 பிட் என்றால் 33. அதையே 4கே ஆக்கி 32 பிட்டில் வைத்தால் ஒரே ஒரு லேயருக்கு 132 எம்பிக்கு மேல். ப்ளர், க்ளோ போன்றவை இடையில் தற்காலிக நகல்கள் எடுத்துக்கொள்வது தனி. இருபது லேயர் உள்ள 4கே கம்ப் ஒன்று, ஒரு ஃப்ரேமுக்கே இரண்டு மூன்று ஜிபி கேட்பதில் ஆச்சரியமில்லை.

இப்போது த்ரெட்டைக் கொண்டுவாருங்கள். ஒரு ஃப்ரேமுக்கு 1.5 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் எட்டு ஃப்ரேம் ஓடினால் 12 ஜிபி. பதினாறு ஓடினால் 24 ஜிபி. விண்டோஸ், பக்கத்தில் திறந்திருக்கும் போட்டோஷாப், முப்பது டேப் உள்ள குரோம் எல்லாம் சேர்த்தால் 32 ஜிபி மெஷின் மூச்சுத் திணறும். நிரல் தானாகவே ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைக்கும். பிறகு பதினாறு த்ரெட் இருந்தும் பயனில்லை. 16 ஜிபி மெஷினில் கேட்கவே வேண்டாம், எட்டு ஃப்ரேமே தடுமாறும்.

அடோபி குறைந்தபட்சம் 16 ஜிபி என்றும் பரிந்துரை 32 ஜிபி என்றும் சொல்கிறது. என் கணக்கு வேறு: 16 த்ரெட் மெஷினில் ஃபுல் எச்டி வேலைக்கு 32, 4கே வேலைக்கு 64. அதற்குக் கீழே இருப்பவர் ஹைப்பர்த்ரெட்டிங் பற்றி யோசிப்பதை ஒத்திவைத்துவிட்டு ராம் வாங்கப் போகலாம். ஜிபியு எஃபெக்ட்கள் அதிகம் என்றால் கிராபிக்ஸ் கார்டின் நினைவகமும் இதே கணக்கில் கரையும்.

படி 5: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் உள்ளே செய்யவேண்டியவை

எடிட், ப்ரெஃபரன்சஸ், மெமரி அண்ட் பெர்ஃபார்மன்ஸ். அங்கே மல்டி-ஃப்ரேம் ரெண்டரிங் டிக் ஆகியிருக்க வேண்டும். மற்ற மென்பொருள்களுக்காகச் சிபியுவில் எத்தனை சதவீதம் ஒதுக்கலாம் என்று கேட்கும். ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர் இருக்கிற 10ஐ அப்படியே விடலாம். ரெண்டர் ஓடும்போதே மெயிலுக்குப் பதில் எழுதி, இன்னொரு டிசைனும் செய்கிறவர் 20, 25க்கு ஏற்றுங்கள். அதே பக்கத்தில் மற்ற நிரல்களுக்கான ராம் அளவையும் பாருங்கள்.

அடுத்து எஃபெக்ட்கள். மல்டி-ஃப்ரேமுக்கு ஒத்துவராத எஃபெக்ட் ஒன்று கம்ப்பில் இருந்தால் அதன் அருகே எச்சரிக்கைச் சின்னம் தெரியும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பழைய ப்ளக்-இன் ஒன்று 200 லேயர் கம்ப்பை ஒற்றை த்ரெட்டுக்கு இறக்கிவிடலாம். டைம்லைனின் கீழ் இடது மூலையில் நத்தைப் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஒவ்வொரு லேயரும், ஒவ்வொரு எஃபெக்டும் அந்த ஃப்ரேமில் எடுத்த நேரம் மில்லிசெகண்டில் வரும். முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான், பயாஸை அல்ல. பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு லேயராகத்தான் இருப்பார். அதை ப்ரீ-ரெண்டர் எடுத்துவைத்தால் கிடைக்கும் வேகத்தின் பக்கத்தில், ஹைப்பர்த்ரெட்டிங் தரும் 10, 20 சதவீதம் வராது.

பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் எக்ஸ்பிரஷன் இன்ஜின் 'லெகசி' என்றிருந்தால், எக்ஸ்பிரஷன்கள் வேகமாக ஓட, ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றுங்கள். சில பழைய எக்ஸ்பிரஷன்கள் உடையும், திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 6: அளந்து பாருங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் அணைத்துப் பார்க்க ஆசை என்றால் ஒழுங்காகச் சோதியுங்கள். உங்கள் அன்றாட வேலையைப் போன்ற ஒரு கம்ப்பை எடுங்கள், பத்துப் பதினைந்து வினாடி போதும். எடிட் மெனுவில் பர்ஜ் சென்று நினைவகத்தையும் டிஸ்க் கேஷையும் காலி செய்யுங்கள். இதை மறந்தால் இரண்டாம் ரெண்டர் கேஷிலிருந்து ஓடி, இல்லாத வேகத்தைக் காட்டும். மற்ற நிரல்களை மூடிவிட்டு, ஒரே அவுட்புட் மாட்யூலில் மூன்று முறை ரெண்டர் போட்டு, நடுவில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மெஷினை ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். இன்டெல் போர்டில் 'ஹைப்பர்-த்ரெட்டிங்', ஏஎம்டி போர்டில் 'எஸ்எம்டி' என்று சிபியு அமைப்புகளுக்குள் இருக்கும். பல லேப்டாப்களில் இந்த வசதியே தரமாட்டார்கள். போவதற்கு முன் ஒன்று: டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்தால் பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு ரெகவரி கீ கேட்கக்கூடும். அதை வேறு இடத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நாளை காலை டெலிவரி என்றால் இன்று இரவு இந்த விளையாட்டே வேண்டாம்.

அணைத்தபின் அதே சோதனை, அதே மூன்று முறை. வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் என்றால் மறுபடி போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அணைத்தபோது தெளிவாக வேகம் கூடினால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும்: ராம் பற்றவில்லை, அல்லது சூடு.

படி 7: சூடு, கரண்ட்

இரண்டு த்ரெட்டும் நிரம்பிய கோர் அதிகக் கரண்ட் இழுக்கும், அதிகம் சூடாகும். சூடு எல்லையைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெங்களூர் குளிர்ந்த ஊர் என்ற பேச்சை நம்பி மலிவான கூலர் வாங்குகிறவர்கள் உண்டு. 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி அடித்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் சென்னையைவிடக் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு சற்றுக் குறைவுதான். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மே மாத மதியம் போடும் ரெண்டரும், டிசம்பர் இரவில் போடும் ரெண்டரும் ஒரே அளவு நேரத்தில் முடியாது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச நிரலில் ரெண்டரின்போது வெப்பத்தைப் பாருங்கள். எல்லையில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஹைப்பர்த்ரெட்டிங்கை அணைப்பதைவிட கூலரை மாற்றுவது நல்லது.

கரண்ட் போகும் ஊரில் நீண்ட ரெண்டரை நேரடியாக ஒரே வீடியோ ஃபைலாக எடுக்காதீர்கள். இமேஜ் சீக்வென்ஸாக எடுத்து, ரெண்டர் செட்டிங்ஸில் 'ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்' போட்டுவையுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட ஃப்ரேமிலிருந்து தொடரும்.

படி 8: எஸ்.பி. ரோட்டில் வாங்கப் போனால்

டவுன் ஹாலுக்குப் பக்கத்து எஸ்.பி. ரோட்டில் கோட்டேஷன் கேட்டால் இரண்டு வரி எழுதித் தருவார்கள். கோர் ஐ7 14700கே: 20 கோர், 28 த்ரெட். கோர் அல்ட்ரா 7 265கே: 20 கோர், 20 த்ரெட். "இது எட்டு ஜாஸ்தி, இதையே எடுத்துக்கோங்க சார்" என்பார் கவுண்டரில் இருப்பவர், முதல் வரியைக் காட்டி. பழைய ஸ்டாக்கைத் தள்ளுகிறாரோ என்னவோ. இரண்டிலும் எட்டு பி-கோர், பன்னிரண்டு இ-கோர்தான். அந்த எட்டு த்ரெட் கூடுதல் தோசை மாஸ்டர்கள் அல்லர்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு வரிசை இப்படி: ஒற்றைக் கோரின் வேகம், ராம், கேஷுக்குத் தனி என்விஎம்இ டிஸ்க், பிறகு கோர் எண்ணிக்கை, கடைசியில் த்ரெட். ரைசன் 7 9700எக்ஸ் எட்டு கோர், பதினாறு த்ரெட்டுடன் 64 ஜிபி ராம் போட்டால், பெரிய சிப்பையும் 16 ஜிபியையும் ஜோடி சேர்த்த மெஷினைவிட அன்றாட வேலைக்கு நிம்மதி. பிளெண்டரில் சிபியு ரெண்டர் அதிகம் செய்பவருக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழ். அவருக்குக் கோரும் த்ரெட்டும் முதலில்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறைச் சிப்களை வாங்கினால் இன்னொரு விஷயம். அவற்றில் சில, அதிக வோல்டேஜால் காலப்போக்கில் கெட்டுப்போய், ரெண்டர் நடுவே கிராஷ் ஆகும் பிரச்சினை 2024இல் வெளிவந்தது. இன்டெல் அதற்கு மைக்ரோகோடு திருத்தம் தந்ததோடு, பாதிக்கப்படக்கூடிய டெஸ்க்டாப் மாடல்களின் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. வீட்டுக்கு வந்ததும் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பியுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டி கேட்கப் போகும் நாளில் கேட்பது அந்த பில்லைத்தான்.